ரெண்டா மூணா

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு குரோட்டன்ஸ் செடிகளின் அடியில் வாந்தி எடுத்து நிமிர்ந்தபோது செண்பகவல்லி முதலில் பார்த்தது கைக்கடிகாரத்தைத்தான். பதினொன்று பதினேழு. வாயைத் துடைக்கத் தோன்றவில்லை. சேலையில் பட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. உள்ளே இருபது பிள்ளைகள் பிளஸ் டூ இயற்பியல் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கண்காணிப்பாளர் வாசற்படி தாண்டி நிற்பது குற்றம், பறக்கும் படை இந்த நிமிஷம் வந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும், அதெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பதினொன்று பதினேழு. காலையில் மாத்திரையை விழுங்கியது எத்தனை மணிக்கு? ஒன்பதுக்கு முன்னாலா, பின்னாலா? மனசு ஒரு கணக்கைப் போட்டுப் பாதியில் நழுவவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டது. குனிந்து மண்ணைப் பார்த்தாள். டீ நிறத்தில் நுரை, ஊறிப்போன பன்னின் துணுக்குகள், ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டுக்கடலையில் பாதிகூட இருக்காது அந்த மாத்திரை. வெள்ளைப் பொட்டு மாத்திரையா, பன்னா? குச்சி இருந்தால் கிளறிப் பார்க்கலாம். தன் வாந்தியைத் தானே கிளறிப் பார்க்க ஆசைப்படும் பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள். நினைத்ததும், அப்படி இருக்க முடியாது, எங்கேயோ ஒரு குளியலறையில், ஒரு ஹாஸ்டல் கழிப்பறையில், இதே போல எவளோ குனிந்துகொண்டிருப்பாள் என்றும் தோன்றியது. ஆனால் அவள் யாரென்று இவளுக்குத் தெரியாது. கூப்பிட்டு, "ஏம்மா, ரெண்டு மணி நேரமா, மூணு மணி நேரமா?" என்று கேட்க முடியாது.

"என்ன டீச்சர், ஒத்துக்கிடலயா?" பின்னால் குரல் கேட்டுத் திரும்பினாள். அறை அறையாகத் தண்ணீர் கொண்டுபோகும் பேச்சியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும், முழங்கைவரை பச்சை குத்தியவள், காலையில் டீ தந்தவளும் அவள்தான். செண்பகவல்லி அந்தக் குடத்துத் தண்ணீரில் கொப்பளித்தாள், முகம் கழுவினாள், "பித்தம்" என்றாள். பேச்சியம்மா அதை நம்புகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, ஒரு எட்டு முன்னால் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தணித்து, "முழுகாம இருக்கீகளா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு சீக்கிரம் ஒரு முகம் மலர முடியுமா? இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. இல்லை என்பது உண்மையா என்று அவளுக்கே தெரியாதே. இருக்கிறேன் என்பதும் பொய். இன்றைக்கு இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே அந்த மாத்திரை. "தெரியலக்கா" என்றாள். தெரியாமல் வாயில் வந்துவிட்ட நிஜம் அது. பேச்சியம்மா சிரித்தாள். "மொத பிள்ளையா? தெரியாதுதான். எலுமிச்சம்பழம் இருக்கு, உப்புப் போட்டுக் கொண்டாரேன். நீங்க உள்ள போங்க, ஆபீசரு பாத்தா வையப்போறாரு." சொல்லிக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளி, செடி மூட்டில் கிடந்ததை எல்லாம் மூடிவிட்டாள். வெள்ளைப் பொட்டும் மூடிப்போயிற்று. முதல் பிள்ளையா. செண்பகவல்லி அந்தக் கேள்வியோடு நடந்தாள். உள்ளே போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன. சன்னல் ஓரத்தில் ஒரு பெண் மட்டும் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் அதைத் தொட்டபடி இருந்தாள். வேண்டாம், எழுது என்று கையால் காட்டினாள். நேரம் போகிறது, எழுது.

நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஒழுங்காக, முதலிலிருந்து. கோவில்பட்டியில் பஸ் ஏறியது ஏழேகாலுக்கு. கழுகுமலையில் இறங்கும்போது எட்டு ஆகவில்லை, கடைகளில் பாதி சாத்தியிருந்தன. பள்ளிக்கூடத்துக்குள் வந்து கையெழுத்துப் போட்டது எட்டரைக்குள். எந்த அறை என்று சீட்டு எடுத்தார்கள், அவளுக்கு ஏழாம் நம்பர் வந்தது. பிறகு எல்லாரும் செல்போனையும் பையையும் ஆபீஸ் பீரோவில் வைக்கப் போனார்கள். அவள் மட்டும் பையோடு பின்பக்கம் நடந்தாள், சைக்கிள் ஷெட்டுக்கு அந்தப் புறம், குழாயடிக்கு. கண்காணிப்புக்கென்று வந்த புதிய பள்ளிக்கூடம், ஒருவரையும் தெரியாது, ஒருவருக்கும் இவளைத் தெரியாது. அதனால்தான் அந்த இடம். வீட்டில் விழுங்க முடியவில்லை. ராத்திரி முழுக்கப் பர்சின் உள்ளறையில் இருந்தது, தூங்குகிற சின்னப் பிள்ளை மாதிரி. அவள் அதைத் தொடவில்லை, மறக்கவும் இல்லை. குழாயடியில் நின்று பிதுக்கி எடுத்து நாக்கில் வைத்தபோது ஜீப் வந்த சத்தம் கேட்டது. கேள்வித்தாள் கட்டைப் போலீஸ் காவலோடு கொண்டுவந்த ஜீப். திடுக்கிட்டுத் தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டாள், தொண்டையில் நின்று கசந்து பிறகு இறங்கியது. ஆக, ஜீப் வந்த நேரம்தான் மாத்திரையின் நேரம். ஜீப் எப்போது வந்தது? ஒன்பதுக்கு வர வேண்டியது. வந்துவிட்டதா, தாமதமா? துறை அலுவலர் யாரிடமோ "என்னய்யா, இவ்வளவு நேரமா" என்று சொன்னது காதில் விழுந்ததே, அது ஜீப்காரரிடமா, டீ கொண்டுவந்தவளிடமா? ஒன்பது என்றால் இரண்டு மணி பதினேழு நிமிஷம் ஆகியிருக்கிறது. ஒன்பது இருபது என்றால் இரண்டு மணிகூட ஆகவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன போட்டிருந்தது, விழுங்கி இத்தனை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும் என்று? இரண்டா, மூன்றா? மாத்திரை அட்டைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த காகிதம், எறும்பு ஊர்வது போன்ற இங்கிலீஷ் எழுத்து. நேற்றுச் சாயங்காலம் குளியலறை விளக்கில் படித்தாள். படித்துவிட்டுத் துண்டுதுண்டாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிப் போக்கினாள். பூமியின் அச்சு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பதினாலு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருபத்திமூன்றரை என்பாள். இந்த ஒரு எண் நிற்கவில்லை. இரண்டு என்று கண்ணை மூடினால் இரண்டு தெரிகிறது. மூன்று என்று மூடினால் மூன்று.

யாரிடம் கேட்பது? அடுத்த அறையில் இருப்பவர் ஒரு கணக்கு வாத்தியார். ஆபீசில் முதன்மைக் கண்காணிப்பாளர், அவர் முன்னால் பீரோ, பீரோவுக்குள் போன். ஒன்றேகால் மணி வரைக்கும் அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் அந்தப் பீரோ. கேட்பதற்கு ஆள் இருந்தாலும் எப்படிக் கேட்பது? நேற்று மருந்துக்கடையில் கேட்கத் தெரிந்ததா? எட்டயபுரம் ரோட்டு முக்கில் முதல் கடை. கவுண்டரில் இருந்த பையனுக்கு அவளுடைய பழைய மாணவர்களின் வயசு. பெயரைச் சொன்னதும் தலையைத் தூக்காமல், "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லக்கா" என்றான். வைக்காத ஒன்றை இவ்வளவு சட்டென்று தெரிந்துவைத்திருக்கிறானே. இரண்டாவது கடையில் உரிமையாளரே இருந்தார், அவர் மகள் இவளிடம் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். "என்ன வேணும் டீச்சர்" என்று எழுந்து நின்றுவிட்டார். இருமல் மருந்து கேட்டாள். இருமலே இல்லை. வாங்கிக்கொண்டு வந்து வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மூன்றாவது, ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில். "சீட்டு இருக்கா? கல்யாணம் ஆயிருச்சா?" என்று அந்த ஆள் கேட்டபோது, பக்கத்தில் டயப்பர் வாங்கிக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். முப்பத்தேழு வயசில், முதுகலை ஆசிரியை, தெருவில் நின்று தாலியை எடுத்துக் காட்டினாள். அதற்கப்புறம்தான் கொடுத்தான், ரெண்டு சுற்று பேப்பர் சுற்றி, பாம்பைப் பொட்டலம் கட்டுவதுபோல.

தாலி கட்டியவனுக்குத் தெரியாது. கனகராஜ் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், கெட்டவனில்லை, கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து கரண்ட் போயிருந்தது. "எங்க ஆளுகளே புடுங்கிட்டானுக" என்று சொல்லிக்கொண்டே அவன் தரையில் படுத்தான். சட்டை இல்லாத முதுகில் வேர்வை முத்து முத்தாக நின்றது. விசிறிக்கொண்டிருந்தவள் விசிறியை வைத்துவிட்டு அந்த முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவள்தான் வைத்தாள். இரண்டு வருஷமாக இருவரும் ஒரே அறையில் இரண்டு பாய்களில் படுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் யாரையும் தள்ளி வைக்கவில்லை, அப்படியே ஆகிவிட்டது. முதுகில் கை பட்டதும் அவன் அசையாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. ஒரு பறவை வந்து உட்கார்ந்தால் மனிதர்கள் மூச்சைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. பிறகு நடந்ததில் அவளுக்குச் சந்தோஷம் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டாள். ஆனால் எல்லாம் முடிந்து மல்லாந்து படுத்திருக்கையில் அவன் அவள் வயிற்றின் மேல் கையை வைத்து, "இனி எல்லாம் சரியாயிரும், செம்பகம்" என்றான். வயிற்றின் மேல். தோளில் வைத்திருக்கலாம், கன்னத்தில் வைத்திருக்கலாம். கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, வேர்வை எல்லாம் ஒரே நொடியில் குளிர்ந்தது. அந்தக் குளிரோடுதான் எழுந்து முகம் கழுவி, "காய் வாங்கிட்டு வாரேன்" என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

"மிஸ், அடிஷனல் ஷீட்." மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். கொண்டுபோய்க் கொடுத்து, எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கினாள். அவன் வேர்வையும் மையும் கலந்து நாறினான். ஒரு பையன். இவனும் ஒரு வயிற்றில் எட்டு மாதம் தாண்டி ஒன்பது மாதம் தாண்டி வெளியே வந்து, பதினேழு வயசு வளர்ந்து, மீசை அரும்பி, கூட்டெழுத்தில் ஓம் விதி எழுதுகிறான். எத்தனை வயிறுகள் கொடுத்த இருபது பேர். எப்படி எல்லாருக்கும் முடிகிறது? அவளுக்கு எட்டு மாதம் வரை முடிந்தது. அரையாண்டுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், வியாழக்கிழமை, தாள்கட்டை வயிற்றின் மேலேயே வைத்துத் திருத்துவாள், உள்ளிருந்து உதைத்தால் தாள் துள்ளும். அன்றைக்குத் தாள் துள்ளவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் எழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், இரண்டு சொம்பு குடித்தாள். இடதுபக்கமாகப் படுத்தாள். வெள்ளிக்கிழமை காலை ஸ்கேன் அறையில் டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார், நிறுத்திவிட்டுத் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல். அதற்கப்புறம் பதினாலு மணி நேரம் வலி கொடுத்துப் பெற்றெடுக்க வைத்தார்கள், செத்ததையும் பெற்றுத்தான் ஆக வேண்டுமாம், அது அவளுக்கு அதுவரை தெரியாது, யாரும் சொல்லித்தருவதில்லை. திரைச்சீலைக்கு அந்தப்புறம் வேறு பிள்ளைகள் பிறந்து அழுதன. இவள் பெற்றபோது அறையில் சத்தமே இல்லை. பாதம் மட்டும் பார்த்தாள், ஒரு பாதம், துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கனகராஜ் எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் தலை குளித்து வந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று அம்மா இரண்டு முழம் வாங்கி வந்து கட்டிவிட்டாள். பூ வதங்க வதங்கப் பாலும் வதங்கிற்று. அன்றிலிருந்து அவள் மல்லிகை வைப்பதில்லை, தெருவில் பூக்காரி வந்தால் உள்ளே போய்விடுவாள். இந்த இரண்டு வருஷத்தில் ஏன் என்று ஒரு ஆள் கேட்டதில்லை.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. பேச்சியம்மா எலுமிச்சஞ்சாறு கொண்டுவந்து வாசல் திண்டில் வைத்துவிட்டு, கண்ணால் ஒரு பிரியம் காட்டிவிட்டுப் போனாள். ஒரு வாய் குடித்தாள். இருந்தது. இப்போது வயிறு ஏன் வாங்கிக்கொள்கிறது, மாத்திரையை ஏன் தள்ளியது? அங்கேதான் நினைப்பு போய்ச் சிக்கிக்கொண்டது, முள்ளில் துணி மாட்டுவதுபோல. விழுங்கியபின் ஒரு பன் சாப்பிட்டாள், டீ குடித்தாள். குமட்டல் வந்தபோது அடக்கியிருக்கலாம். பஸ்ஸில் எத்தனை தடவை அடக்கியிருக்கிறாள். இன்றைக்கு அடக்கினாளா? அடக்கப் பார்த்தாளா? வராந்தாவுக்கு ஓடினது அடக்க முடியாமலா, அடக்க வேண்டாம் என்றா? மாத்திரையை விழுங்கினது ஒரு செண்பகவல்லி, துப்பினது இன்னொருத்தியா? அந்த இன்னொருத்திக்குப் பிள்ளை வேண்டும். இந்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் எல்.கே.ஜி. பிள்ளைகளின் முதுகுப் பையைப் பார்த்து நிற்கிறவள் அவள்தான். வேண்டும்தான். யார் வேண்டாம் என்றது? ஆனால் இன்றைக்கு இல்லை, இந்த மாசம் இல்லை, அந்த எட்டு மாதத்தை மறுபடி ஒரு நாள் ஒரு நாளாக நடக்க இப்போது காலில் பலம் இல்லை. ஒவ்வொரு நாளும் துள்ளுகிறதா துள்ளுகிறதா என்று கையை வைத்துக் காத்திருக்க. பயந்தவள் வேண்டாம் என்கிறாள், ஏங்குகிறவள் வேண்டும் என்கிறாள், ரெண்டு பேருக்கும் ஒரே வயிறு. வாந்தி எடுத்ததில் யார் ஜெயித்தார்கள்? சீச்சீ, வெறும் வயிற்றில் போட்டாய், வெயில், ராத்திரித் தூக்கம் இல்லை, வாந்தி வந்தது, அவ்வளவுதான். உடம்புக்கு என்ன தெரியும். அப்படிச் சொல்லிக்கொண்டு நாலு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் மறுபடி அதே முள். இரண்டு மணி என்றால் முடிந்துவிட்டது, மாத்திரை உள்ளே சேர்ந்துவிட்டது, நிம்மதி. நிம்மதியா? மூன்று என்றால் எல்லாம் வெளியே போய்விட்டது, மறுபடி கடை, மறுபடி தாலி. மறுபடி என்ற நினைப்பே குமட்டியது. பேசாமல் இருந்துவிட்டால்? நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிட்டால்? அப்படி இருந்துவிட்டு இருபத்தெட்டு நாள் எண்ணுவது. அதற்கப்புறம் எட்டு மாதம் எண்ணுவது. முடியாது. அந்தச் சொல் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் தெளிவாக நின்றது, எனக்கு இப்போது முடியாது.

துறை அலுவலர் வாசலில் வந்து நின்று, "ஒடம்பு முடியலையாமே. வேற ஆள் போடட்டுமா மேடம்?" என்றார். பேச்சியம்மா சொல்லியிருப்பாள், எதை எதைச் சொன்னாளோ. மாற்று ஆள் வந்தால் ஆபீசுக்குப் போகலாம், போனை எடுக்கலாம். ஆனால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கு அவளுடைய பள்ளிக்கு அந்தத் தாள் போகும், ஸ்டாஃப் ரூமில் எட்டு டீச்சர்கள் ஒரே குரலில் விசேஷமா என்பார்கள். போன தடவையும் அவர்கள்தான் வளைகாப்புக்கு வளையல் வாங்கி வந்தார்கள், பிறகு ஒரு மாசம் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "வேண்டாம் சார், இப்ப பரவாயில்ல" என்றாள். நின்று, நடந்து, ஷீட் கொடுத்து, நூல் கொடுத்து, ஒரு பெண் கீழே தவறவிட்ட ஸ்கேலை எடுத்துக் கொடுத்து, பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. இருபது தலைகளும் குனிந்தே இருந்தன. அவர்களுக்கும் இது வாழ்வா சாவா. ஒரு அறையில் இருபத்தோரு பேர் இருந்து ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்பது சட்டமாக இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று நினைத்தாள். இல்லை, வீடும்தான்.

கடைசி மணி அடித்து, விடைத்தாள்களை வரிசையாக அடுக்கி எண்ணி ஒப்படைத்து, பையையும் போனையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது இரண்டாகப் போகிறது. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. வேப்பமரத்து நிழலில் நின்று போனில் தேடினாள். ஒரு இடத்தில் இரண்டு என்றிருந்தது, இன்னொரு இடத்தில் மூன்று. காலையிலிருந்து தலைக்குள் ஓடியதே அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் இருந்தால் இன்னொன்று போட்டுக்கொள்வதே நல்லது, சீக்கிரம் போட வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மருந்துக்கடை இருந்தது. போனாள். "அது இங்க வாரதில்லம்மா" என்றான் கடைக்காரன். அவனுக்குப் பின்னால் அலமாரியில் அந்த அட்டையின் ரோஸ் நிறம் மாதிரி ஒன்று தெரிந்தது, அதுவாக இல்லாமலும் இருக்கலாம். காலையிலிருந்து கலங்காதவளுக்கு அங்கே கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து, என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்காமல் கனகராஜுக்குப் போன் போட்டாள். யோசித்தால் போட்டிருக்க மாட்டாள். "நா கழுகுமலைலதான் நிக்கேன். வாறீங்களா?" என்றாள். "என்னாச்சு?" என்றான். "வாங்க" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் அவனை எதற்கும் வா என்று கூப்பிட்டதில்லை. நாலாட்டின்புதூரில் ஏதோ டிரான்ஸ்பார்மரடியில் நின்றவன், காக்கி பேண்ட்டோடு, முழங்கையில் கிரீஸோடு, முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டின் சிமெண்ட் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னாள். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நேத்து காய் வாங்கப் போகல. ஒரு மாத்திரை வாங்கப் போனேன்."

"என்ன மாத்திரை?"

"பிள்ளை தங்காம இருக்க."

அவன் எழுந்து போய், நன்றாக நின்றிருந்த பைக்கை ஸ்டாண்டு எடுத்து இரண்டடி தள்ளி நிறுத்தினான். கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். "போட்டுட்டியா?"

"போட்டேன். வாந்தில வந்துருச்சு. இன்னொண்ணு போடணும். அந்தக் கடைல கேட்டேன், இல்லைன்னுட்டான்."

"நான் கையை வச்சுச் சொன்னேன்ல, அதுக்காகவா?"

"ஆமா." கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக மட்டுமில்ல. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

ராஜபாளையம் போகிற பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கி ஏற்றிப் போயிற்று. புழுதி அடங்கியது. "ஆசை இருக்கு செம்பகம். இல்லைன்னு சொன்னா பொய்யாப் போயிரும்" என்றான். பிறகு, "எந்தக் கடை?" என்று கேட்டான். கையைக் காட்டினாள். ரோட்டைத் தாண்டிப் போனான். இங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. கவுண்டரில் நின்றான், ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ சொன்னான், கடைக்காரன் குனிந்தான், நிமிர்ந்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் திரும்பி வரும்போது நடை மட்டும் போனபோது இருந்த மாதிரி இல்லை, சுமை தூக்கிக்கொண்டு வருகிறவன் மாதிரி இருந்தது. கையில் அந்த அட்டை, பேப்பர்கூடச் சுற்றவில்லை.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கல. வாந்தி நிக்கிற மாத்திரையும் குடுத்தான். அத மொதல்ல போட்டுட்டு, சாப்பிட்டுட்டு, அரை மணி கழிச்சு இதப் போடணுமாம்."

ஓட்டலில் தயிர்சாதம் வாங்கிவந்து பெஞ்சிலேயே பிரித்து வைத்தான். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையிலேயே வைத்திருந்தான். மூன்றரைக்கு மாத்திரையைப் போட்டாள். ஒரு நாளில் இரண்டாவது முறை, அதே கசப்பு. போட்டதும் எழுந்து, "போவமா?" என்றாள்.

"வண்டில போனா குலுங்கும். ரோடு சரியில்ல. இங்கயே இருந்துட்டுப் போவோம்."

"எம்புட்டு நேரம்? ரெண்டுங்காங்க, மூணுங்காங்க. எது சரின்னு தெரியல."

"மூணுன்னே வச்சுக்கிருவோம்" என்று சொல்லி, போனை எடுத்து ஆறரைக்கு அலாரம் வைத்தான்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வந்து ஏறிப் போனார்கள். அவளுடைய அறையில் எழுதிய ஒரு பெண் அடையாளம் கண்டு லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள். வயிறு இரண்டு தடவை புரண்டது, இரண்டு தடவையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து அடக்கினாள். இந்தத் தடவை அடக்கினாள் என்பது அவளுக்கே தெரிந்தது. அவன் அவள் முதுகில் கை வைத்தான், வைத்த கையை எடுக்கவில்லை. வெயில் இறங்கி, மலையின் பாறை சிவந்துகொண்டு வரும்போது, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "சுத்துறதுக்குத் துணி கேட்டேன், ஆஸ்பத்திரில பழசா ஒண்ணு குடுத்தாங்க, எனக்கு மனசு வரல" என்று ஆரம்பித்தான். எதைச் சொல்கிறான் என்று ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவள் அசையாமல் இருந்தாள். "என் சட்டையைக் கழட்டித்தான் சுத்தினேன். பனியனோடதான் தூக்கிட்டுப் போனேன். கண்மாய்க்கரைல, நம்ம லைன்மேன் கணேசன்தான் குழி வெட்டினான். ஆழமாத்தான் வெட்டச் சொன்னேன்." மலைப் பக்கம் பார்த்தான். "நல்ல முடி இருந்துச்சு."

இன்னொரு பஸ் வந்து போயிற்று. "எந்தச் சட்டை?" என்றாள்.

"அந்த ஊதாக் கோடு போட்டது."

"அதையா? அதக் காணோம்னு நா இஸ்திரிக்காரர்ட்ட ரெண்டு வாரம் சண்டை போட்டேனே. தெருவுல நின்னு திட்டினேன். துட்டுத் தாரேன்னு சொன்னாரு, வேண்டாம் சட்டைதான் வேணும்னேன்."

"தெரியும்" என்றான் கனகராஜ். "வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து கையிலிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "நாளைக்குக் காலைல அவர்ட்டப் போயிச் சொல்லணும்" என்றாள். "சட்டை கெடச்சிருச்சுன்னு சொல்லணும்." அவன் சரி என்று தலையை ஆட்டினான்.